"இன்றைய குடிமக்கள்"னு போர்டு போட்ட பிளே ஸ்கூல்: உள்ள போய்ப் பாத்தா எப்படி இருக்கு?

இந்த இடத்தோட பேரை வேணும்னேதான் போடல. கீழ போட்டோ பத்தி ஒரு புகார் எழுதியிருக்கேன், அது இன்னும் பேச்சுவார்த்தைல இருக்கு, நடுவுல பேரைப் போட்டு சந்திக்கு இழுக்க வேணாம்னு பாக்கறேன். அதுவுமில்லாம இதே மாதிரி பேசற பிளே ஸ்கூல் இப்ப நிறைய வந்தாச்சு. "உங்க குழந்தை நாளைய குடிமகன் இல்ல, இன்றைய குடிமகன்", "இங்கே குழந்தையின் குரலுக்கு மதிப்பு உண்டு"ன்னு பிரோஷர்ல பெரிய எழுத்துல போட்டிருப்பாங்க. நீங்க எந்த ஸ்கூல் வாசல்ல நின்னாலும் எதைப் பாக்கணும்னு தெரிஞ்சா போதும், அதுக்குத்தான் இது.

ரேட்டிங் முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு மூணரை. தினசரி நடக்கற விஷயத்துல நிஜமாவே நல்லா பண்றாங்க, பேரன்ட்ஸ் வர்ற நாள்ல சொதப்பறாங்க, ஆப் விஷயத்துல எனக்குக் கோவமே வருது. எங்க பொண்ணு சின்ன குரூப்ல சேந்து இப்ப பெரிய குரூப்ல இருக்கா, ஸோ ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் எழுதறேன். ஸ்பான்சர் கின்சர் ஒண்ணும் கிடையாது.

சேக்கும்போது எனக்கு பெரிய நம்பிக்கை எல்லாம் இல்ல, ஷூ லேஸ் கட்டத் தெரியாத வயசுல என்ன குடிமகன்னுதான் நினைச்சேன். ஆனா பிரோஷர்ல எழுதியிருந்தது சும்மா அடிச்சு விட்டது இல்ல, நான் தேடிப் படிச்சேன். 1989ல ஐநா சபை குழந்தை உரிமைகளுக்கான உடன்படிக்கை கொண்டு வந்துச்சு இல்லயா, அதுல 12வது பிரிவு, தன்னைப் பாதிக்கற விஷயத்துல கருத்து சொல்ல குழந்தைக்கு உரிமை இருக்கு, அந்தக் கருத்துக்கு வயசுக்கும் பக்குவத்துக்கும் ஏத்த மாதிரி மதிப்பு குடுக்கணும்னு சொல்லுது. ரொம்ப பேர் இதை ஸ்கூல் போற பெரிய பிள்ளைங்களுக்குன்னே எடுத்துக்கிட்டாங்க போல, அதனால 2005ல அந்த உடன்படிக்கைக்கான கமிட்டி தனியா ஒரு விளக்கம் போட்டாங்க, பொதுக் கருத்துரை 7னு, அது முழுக்க 8 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களைப் பத்தினது, 12வது பிரிவு இவங்களுக்கும் சேத்துத்தான்னு அதுல தெளிவா இருக்கு. 2009ல வந்த இன்னொண்ணுல, 12வது கருத்துரை, கருத்து சொல்ல இத்தனை வயசு ஆகணும்னு எந்த வரம்பும் கிடையாது, பேச்சு மட்டும் இல்ல, விளையாட்டு, முகபாவம், உடல் அசைவு, படம் வரையறது எல்லாத்தையும் கருத்தா எடுத்துக்கணும்னு போட்டிருக்காங்க. இதைப் படிச்சதும் எனக்குப் பிடிச்சுப் போச்சு. ஏன்னா "குரல்"னு சொன்னா எல்லாரும் வாயாடி பிள்ளையைத்தான் நினைக்கறோம், வாயே தொறக்காத பிள்ளை கணக்குலயே வராது.

அதே பிரோஷர்ல "ரெஜ்ஜியோ இன்ஸ்பயர்ட்"னும் ஒரு வரி. இதுல எனக்குக் கொஞ்சம் எரிச்சல். இத்தாலில ரெஜ்ஜியோ எமிலியானு ஒரு ஊர், அங்க பொறந்த பாலர் கல்வி முறைக்குத்தான் இந்தப் பேர். 1945ல போர் முடிஞ்ச உடனே பக்கத்து கிராமத்து ஜனங்க, ஜெர்மன்காரன் விட்டுட்டுப் போன ஒரு டேங்க், சில லாரி, குதிரைங்க, இதையெல்லாம் வித்து அந்தக் காசுல பிள்ளைங்களுக்கு ஸ்கூல் கட்ட ஆரம்பிச்சாங்க. அந்தச் சேதியைக் கேட்டு சைக்கிள் மிதிச்சுக்கிட்டு பாக்கப் போன வாத்தியார்தான் பின்னாடி இந்த முறையை வளர்த்த லோரிஸ் மலகூஸி. அப்புறம் 1963ல நகராட்சியே பிள்ளைங்களுக்கான ஸ்கூல் தொறந்துச்சு. பாசிசம் பாத்து நொந்து போன ஜனங்க, கேள்வி கேக்கற பிள்ளைங்க வளரணும்னு ஆரம்பிச்ச விஷயம் அது. இங்க "ரெஜ்ஜியோ"ன்னா மர அலமாரி, கண்ணாடி ஜாடில கூழாங்கல்லு, வெள்ளை கர்ட்டன். அங்க டேங்க்கை வித்து ஸ்கூல் கட்டினாங்க, இங்க அந்த ஊர் பேரைச் சொல்லி ஃபர்னிச்சர் விக்கறாங்க. அலமாரியைப் பாத்து மயங்கிடாதீங்க, அவ்ளோதான்.

இப்ப நல்லதுக்கு வரேன், இதுக்குத்தான் அந்த மூணரைல முக்கால்வாசி.

ஒரு தடவை "கேமரா வாரம்"னு ஒண்ணு வெச்சாங்க. பழைய டிஜிட்டல் கேமரா ரெண்டு, கழுத்துல மாட்டற கயிறோட, மூணு நாலு வயசுப் பிள்ளைங்க கையில குடுத்து, ஸ்கூல்ல உனக்குப் பிடிச்ச இடம் எது, பிடிக்காத இடம் எது, போட்டோ எடுத்துட்டு வா, எங்களையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுன்னு சொன்னாங்க. இது இவங்க கண்டுபிடிச்சது இல்ல, அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ்னு ரெண்டு பேர் இங்கிலாந்துல 2001 வாக்குல கொண்டு வந்த மொசைக் முறை, போட்டோ, சுத்திக் காட்டறது, மேப் போடறது, டீச்சர் பக்கத்துல நின்னு கவனிக்கறது, எல்லாத்தையும் சேத்து வெச்சு குழந்தை என்ன சொல்லுதுன்னு புரிஞ்சுக்கறது. அந்தப் போட்டோவை எல்லாம் பிரிண்ட் போட்டு முழங்கால் உயரத்துல ஒட்டியிருந்தாங்க, பாக்கணும்னா நாம குந்திதான் பாக்கணும். பாதிக்கு மேல டீச்சரோட முட்டி, மேஜைக்கு அடிப்பக்கம், ஒரு செருப்பு, கேட்டுக்குக் கீழ இருக்கற சந்து. நாம பாக்கற ஸ்கூலும் அதுங்க பாக்கற ஸ்கூலும் வேற வேற.

அதுல ஒரே பொருள் நிறைய பேர் போட்டோல வந்துச்சு. பாத்ரூம்ல கை காய வைக்கற மெஷின். கைய நீட்டினா தானா "ஊ"ன்னு கத்துமே அது. எங்க பொண்ணு எடுத்ததுல மெஷின் பாதிதான் இருக்கு, தள்ளி நின்னு கதவு ஓரமா எடுத்திருக்கா. டீச்சர் "இது பிடிச்ச இடமா பிடிக்காத இடமா"ன்னு கேட்டதுக்கு பதில் சொல்லல, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. இன்னொரு பையன் அது தொங்கற சுவர் பக்கமே போக மாட்டானாம், அதனால பாத்ரூமே போகாம அடக்கிட்டு உக்காந்திருக்கான், வீட்டுக்குப் போற வழில தினமும் ஈரம், அவங்க அம்மா டாக்டர்கிட்ட எல்லாம் கூட்டிட்டுப் போயிருக்காங்க. யாருக்கும் தெரியாது பாருங்க, மெஷின்தான் காரணம்னு. பெரியவங்க ஸ்கூல் பாக்க வந்தா அந்த மெஷினைப் பாத்து "அட, ஹைஜீனிக்"னு சொல்லிட்டுப் போவோம்.

அடுத்து அவங்க செஞ்சதுதான் எனக்கு முக்கியம். மெஷினை ஆஃப் பண்ணிட்டு ஆளுக்கொரு சின்ன டவல் மாட்டினாங்க. அதோட விட்டிருந்தா பிள்ளைங்களுக்கு தன்னாலதான் மாறுச்சுன்னு தெரிஞ்சிருக்காது. காலைல வட்டமா உக்கார வெச்சு, "நீங்க எடுத்த போட்டோ பாத்தோம், சத்தம் பயமா இருக்குன்னு புரிஞ்சுது, அதனால இதை நிறுத்திட்டோம்"னு சொல்லி, ஒரு பிள்ளை வரைஞ்ச மெஷின் படத்துல குறுக்கால கோடு போட்டு சுவர்ல மாட்டினாங்க. "நீங்க சொன்னது, நாங்க செஞ்சது"ன்னு அதுக்குன்னே ஒரு போர்டு. பக்கத்துலயே "நீங்க சொன்னது, செய்ய முடியாதது"ன்னு இன்னொரு போர்டு, அதுல வாசல் கேட்டோட படம். கேட்டை எடுத்துடணும்னு சில வாண்டுங்க கேட்டிருக்கு. முடியாதுன்னு வாயால சொல்லிட்டு விடாம, ரெண்டு ரெண்டு பேரா கேட்டுக்கிட்ட கூட்டிட்டுப் போய் நிக்க வெச்சு, வெளிய எத்தனை வண்டி போகுது, எவ்ளோ வேகமா போகுதுன்னு பாக்க விட்டிருக்காங்க. அப்புறம் பிள்ளைங்களே சொல்லியிருக்கு, கேட் இருக்கட்டும், ஆனா வெளிய பாக்க ஓட்டை வேணும்னு. இப்ப கேட்ல அதுங்க உயரத்துக்கு ஒரு சின்ன கண்ணாடி ஜன்னல் இருக்கு.

வட அயர்லாந்துல லாரா லண்டினு ஒரு பேராசிரியர், பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் யுனிவர்சிட்டி, 2007ல அந்த 12வது பிரிவு உரிமையை நாலா பிரிச்சு எழுதினாங்க: சொல்றதுக்கு ஒரு இடம், சொல்ல உதவி, கேக்க வேண்டிய ஆள் கேக்கறது, கேட்டதுக்கு ஏதாச்சும் விளைவு. நான் பாத்த வரைக்கும் முதல் ரெண்டும் எல்லா ஸ்கூல்லயும் இருக்கு. மூணாவது கொஞ்சம். நாலாவதுல வந்து எல்லாரும் நழுவிடறாங்க. கேமரா வாரம் எனக்குப் பிடிச்சதே அந்த நாலாவது அங்க சுவர்லயே தொங்கினதாலதான்.

சின்ன குரூப் பத்தி ஒரு விஷயம், வேகமா சொல்லிடறேன். ஒண்ணரை ரெண்டு வயசுப் பிள்ளைங்களுக்கு டயாப்பர் மாத்தற ஆயாம்மா, மாத்தறதுக்கு முன்னாடி டயாப்பரைக் கைல எடுத்துக் காட்டி "மாத்தலாமா கண்ணு"ன்னு கேட்டுட்டு கொஞ்சம் வெயிட் பண்றாங்க. குழந்தை கைய நீட்டினா தூக்கறாங்க, திரும்பிக்கிச்சுன்னா கையில இருக்கற பொம்மையை முடிச்சுட்டு வரட்டும்னு விடறாங்க. மாத்தாம விடறது இல்ல, எப்பன்றதுல மட்டும் குழந்தைக்கு ஒரு சான்ஸ். அவங்க எந்த டிரெய்னிங்கும் போனதா சொல்லல, ஆனா பிரோஷர்ல எழுதினவங்களை விட இவங்களுக்கு விஷயம் புரிஞ்சிருக்கு.

இனி சொதப்பல்.

"பாலர் பாராளுமன்றம்"னு ஒரு நிகழ்ச்சி, பேரன்ட்ஸைக் கூப்பிட்டு நடத்தறாங்க. பிள்ளைங்களுக்கு தோள்ல பட்டை, சபாநாயகர், அமைச்சர், எதிர்க்கட்சின்னு பேட்ஜ். ஒவ்வொண்ணா மைக் முன்னாடி வந்து மனப்பாடம் பண்ண நாலு வரி, "மரம் வளர்ப்போம், நீரைச் சேமிப்போம்". ஒரு குட்டி பாதில மறந்துட்டு அழுதுச்சு, பின்னாடி இருந்து டீச்சர் வரியை எடுத்துக் குடுத்தாங்க, எல்லாரும் "சோ க்யூட்"னு கை தட்டினாங்க. ரோஜர் ஹார்ட்னு ஒருத்தர் 1992ல யூனிசெஃபுக்காக ஒரு ஏணி போட்டுக் காட்டினாரு, குழந்தைப் பங்கேற்புல 8 படின்னு. அதுல கீழ மூணு படி பங்கேற்பே கிடையாதுங்கறாரு: பெரியவங்க சொல்லச் சொன்னதை சொல்ல வைக்கறது, அலங்காரத்துக்கு நிக்க வைக்கறது, பேருக்கு சேத்துக்கறது. இந்த பாராளுமன்றம் மூணு படியையும் ஒரே மேடைல கவர் பண்ணிடுச்சு. நம்ம தெரு விளையாட்டுல ஒப்புக்குச் சப்பாணின்னு வெச்சுக்குவோமே, அவுட் ஆனாலும் கணக்குல சேராது, அதான் இது. வீட்ல வந்து எங்க பொண்ணு கேட்டா, "அப்பா, எதிர்க்கட்சின்னா என்ன?" அவதான் எதிர்க்கட்சித் தலைவி.

அதுக்கப்புறம் கிளாஸ் சுவருக்கு என்ன கலர்னு ஓட்டு வெச்சாங்க. மஞ்சளா பச்சையா. ஸ்டோர் ரூம் கதவு தொறந்துதான் இருந்துச்சு, மஞ்சள் பெயின்ட் டப்பா அடுக்கி வெச்சிருந்ததை நானே பாத்தேன். ஓட்டுல மஞ்சள் ஜெயிச்சது அவங்க அதிர்ஷ்டம். பச்சை வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு கோஆர்டினேட்டர் மேடத்தைக் கேட்டேன், சிரிச்சுட்டு "மறுபடி டிஸ்கஸ் பண்ணியிருப்போம் சார்"னாங்க. இதுக்கு ஓட்டே வைக்காம இருந்திருக்கலாம். மஞ்சள் வாங்கியாச்சு, மஞ்சள் அடிக்கப் போறோம்னு சொன்னா எந்தப் பிள்ளையும் கோச்சுக்காது. முடிவை எடுத்து வெச்சுட்டு கேக்கற மாதிரி நடிச்சா அதுங்களுக்கு சீக்கிரமே தெரிஞ்சுடும், அப்புறம் நிஜமா கேக்கும்போதும் நம்பாது.

ஓட்டுலயே இன்னொரு சிக்கல். மணல் குழியா ஊஞ்சலான்னு தினமும் கை தூக்கச் சொன்னா ஊஞ்சல் கோஷ்டிதான் எப்பவும் ஜாஸ்தி, மணல்ல விளையாடற நாலு பிள்ளை எப்பவும் தோக்கும். பெரும்பான்மை ஜெயிக்கும்னு மட்டும் கத்துக்குடுத்தா அது பாதி பாடம்தான். இதை பெரிய குரூப் டீச்சர் தானா புரிஞ்சுக்கிட்டு கை தூக்கறதை நிறுத்திட்டாங்க. மணல் பிள்ளைங்களைக் கூப்பிட்டு உங்களுக்கு எப்படி இருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்ல வெச்சாங்க, அப்புறம் மத்த பிள்ளைங்ககிட்ட என்ன பண்ணலாம்னு கேட்டாங்க. ஒரு வாண்டு "மணலை ஊஞ்சலுக்குக் கீழ கொட்டிடலாம்"னுச்சு. அது நடக்கல, ஆனா முறை வெச்சு மாத்திக்கறதுன்னு ஆச்சு. இந்த டீச்சருக்குத் தனியா அஞ்சுக்கு அஞ்சு.

ஒரு கேள்வி நான் எல்லா ஸ்கூல்லயும் கேக்கலாம்னு சொல்வேன்: டீச்சர் மேல பிள்ளைக்கு வருத்தம்னா அது எங்க போய் சொல்லும்? போலந்துல யானுஷ் கோர்சாக்னு ஒரு டாக்டர், 1912ல வார்சாவுல யூதப் பிள்ளைங்களுக்கான அனாதை இல்லத்தை எடுத்து நடத்தினாரு, அங்க பிள்ளைங்களே நடத்தற கோர்ட் இருந்துச்சு, பெரியவங்க மேலயும் கேஸ் போடலாம், அவரே அதுல குற்றவாளியா நின்னிருக்காரு. கோர்ட்டோட சட்டமே பெரும்பாலும் மன்னிச்சு விடறதுதான். நூறு வருஷத்துக்கு முன்னாடி. (1942ல நாஜிங்க அந்தப் பிள்ளைங்களை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்ல ஏத்தினப்ப, தப்பிக்க வழி இருந்தும் அவர் கூடவே போனாரு, அது வேற கதை, எழுத ஆரம்பிச்சா இந்த ரிவ்யூ முடியாது.) நான் இதை கோஆர்டினேட்டர்கிட்ட கேட்டப்ப "எங்க டீச்சர்ஸ் மேல அப்படி புகாரே வராது சார்"னு பதில் வந்துச்சு. வராதுன்னா சொல்ல வழி இல்லன்னு அர்த்தம். மூணு வயசுப் பிள்ளைங்க இருக்கற இடத்துல யார் மேலயும் யாருக்கும் வருத்தமே இல்லன்னா எப்படி நம்பறது.

பேரன்ட்ஸ் வாட்ஸ்ஆப் குரூப்ல இந்த ஸ்கூல் பத்தி வர்ற வழக்கமான புகார், "பிள்ளை எதிர்த்துப் பேசுது, கெடுத்து வெச்சுட்டாங்க"ன்னு. எனக்கு அப்படித் தோணல. வீட்ல எங்க பொண்ணு இப்ப "ஏன்"னு கேக்கறா, அது உண்மை. காரணம் சொன்னா பெரும்பாலும் ஒத்துக்கறா, அதுவும் உண்மை. மருந்து சாப்பிடறது, கார்ல பெல்ட் போடறது எல்லாம் அவகிட்ட கேக்கற விஷயமே இல்ல, கேக்கறதும் இல்ல. உடன்படிக்கையிலயே குழந்தையோட நலன் முதல்லன்னு தனியா பிரிவு இருக்கு, மூணாவது. கருத்து கேக்கறதுன்னா சொன்னதெல்லாம் செய்யறதுன்னு யாரும் எங்கயும் எழுதல. என் வைஃப் மட்டும் ஒரு விஷயத்துல ஸ்கூலைத் திட்டுவா, காலைல கிளம்பற அவசரத்துல "இதைப் பத்தி பேசலாமா அம்மா"ன்னு பொண்ணு ஸ்கூல் மாதிரியே வட்டம் போட உக்காந்துக்கறப்ப.

ஸ்டாஃப் பத்தி சொல்லணும். டீச்சர்ஸ் அடிக்கடி மாறறாங்க. இந்த மாதிரி வேலைக்கு பிள்ளையைப் பல மாசம் கூட இருந்து கவனிச்ச ஆள் வேணும், யார் காதைப் பொத்தினா பயம், யார் பொத்தினா விளையாட்டுன்னு புது டீச்சருக்கு எப்படித் தெரியும். ஒரு டீச்சர் போனதும் "நீங்க சொன்னது" போர்டு ரொம்ப நாள் அப்படியே பழைய படத்தோட தொங்கிட்டிருந்துச்சு. டைம் டேபிள் மாத்தறதுல அந்த டீச்சர்ஸ்கிட்டயே யாரும் கருத்து கேக்கறது இல்லன்னு ஒருத்தங்க என்கிட்ட வருத்தப்பட்டாங்க. நார்வேல 2005ல வந்த மழலையர் பள்ளிச் சட்டத்துலயே பிள்ளைங்களுக்கு தினசரி நடவடிக்கை பத்தி கருத்து சொல்ல உரிமை உண்டுன்னு எழுதி வெச்சிருக்காங்க. அது சட்டமா இருக்கறதால டீச்சர் மாறினாலும் நிக்கும். இங்க எல்லாம் அந்தந்த ஆளோட நல்ல மனசுல ஓடுது.

கடைசியா அந்த ஆப். தினமும் பிள்ளைங்க போட்டோவும் வீடியோவும் ஏத்தறாங்க, குரூப்ல இருக்கற எல்லா பேரன்ட்ஸும் எல்லா பிள்ளையையும் பாக்கலாம், டவுன்லோட் பண்ணலாம். எங்க பொண்ணு அழுதுட்டு மூலைல உக்காந்திருந்த போட்டோ "இன்னைக்கு நம்ம செல்லத்துக்குக் கோவம்"னு ஸ்மைலியோட வந்துச்சு. உடன்படிக்கைல 16வது பிரிவு அந்தரங்கம் பத்தினது, அதுவும் குழந்தைக்கு உண்டு. மெஷின் பத்தி அவ்ளோ அழகா கேட்டவங்க, இதுல அவகிட்டயும் கேக்கல, எங்ககிட்டயும் கேக்கல, அட்மிஷன் ஃபார்ம்ல சின்ன எழுத்துல கையெழுத்து வாங்கியிருக்கோம்ங்கறாங்க. அவகிட்ட அந்தப் போட்டோவைக் காட்டி மத்தவங்க பாக்கலாமான்னு கேட்டேன், போனைக் கவுத்துப் போட்டா.

எழுதிக் குடுத்திருக்கேன்: அழற, பாத்ரூம் போற, தூங்கற போட்டோ வேணாம், எடுக்கறதுக்கு முன்னாடி பிள்ளைகிட்ட கேளுங்க, வேணாம்னா எடுக்காதீங்க, அவங்கவங்க பிள்ளை போட்டோ அவங்கவங்களுக்கு மட்டும் வரட்டும். மேனேஜ்மென்ட்ல பேசறோம்னு ஒரு மெயில் வந்துச்சு, அதுக்கப்புறம் சத்தமே இல்ல, போட்டோ மட்டும் தினமும் வந்துட்டே இருக்கு. பதில் வந்தா இங்கயே எடிட் பண்ணிப் போடறேன், சரி பண்ணாங்கன்னா அரை ஸ்டார் ஏத்திடுவேன்.